மூன்று துண்டு பாப்லர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மலிவு விலை எலெக்ட்ரிக் கிதார் என்னும் மாபெரும் பொய், நேரலையில் இரண்டாக அறுக்கப்படும். அதன் உள்ளே என்ன மரம் இருக்கிறது என்ற உண்மை மனிதகுலத்தின் முன் வைக்கப்படும். இதய பலவீனம் உள்ளவர்களும் மலிவு கிதார் வைத்திருப்பவர்களும் பார்க்காமல் இருப்பது நலம்.

இப்படி அறிவித்தவர் தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். வார நாட்களில் யார் வீட்டு மீட்டர் ஓடுகிறது, யார் வீட்டு மீட்டர் ஓடுவது போல் நடிக்கிறது என்று பார்ப்பது அவர் உத்தியோகம். சனி, ஞாயிறுகளில் மட்டும் அவர் 'மரஞானி'. அந்தப் பெயரில் அவர் நடத்தும் சேனலைப் பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால், "மக்கள்" என்பார். அந்த மக்கள், அவரே வேறொரு பெயரில் நுழைந்து போட்ட ஒற்றைப் பின்னூட்டம் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். மனைவிக்குத் தெரிந்தது மனைவியின் தங்கைக்கும் தெரியும்.

அந்தத் தங்கைதான் நமக்கு வேண்டியவள். தொழிற்சாலையில் அவளை 'அரம்' என்று கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அரம் பிடித்த கை. வாயும் ஏறக்குறைய அதே சாமான்தான். தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், ஒரு பக்கம் பெயிண்ட் வாடையும் மறுபக்கம் மரத்தூளும் அடிக்கிற தகரக் கூடத்தில் அவர்கள் மலிவு எலெக்ட்ரிக் கிதார் செய்கிறார்கள். கிதாரின் கழுத்தில் குறுக்காக இருபத்திரண்டு உலோகப் பட்டைகள் பதிந்திருக்கும். ஃப்ரெட் என்று பெயர். ஒன்றுக்கு இரண்டு முனை. நாற்பத்து நான்கு முனைகளையும் அராவி மழுக்காவிட்டால், வாசிக்கிறவர் கையை ஓட்டும்போதெல்லாம் ரம்பத்தைத் தடவியது போலிருக்கும். அந்த மழுக்கும் வேலைக்கு நான்கு பெண்கள். நால்வருக்கும் மூத்தவள் அரம்.

வியாழக்கிழமை டீ நேரத்தில் அறிவிப்பு அவள் போனுக்கு வந்தது. அக்காதான் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு குறிப்பு: "உங்க ஃபேக்டரி கிதாரைத்தான் அறுக்கப் போறாராம். பால் வாங்கிட்டு வாங்கன்னா மறந்துடுவாரு. ரம்பம் மட்டும் எதிர்வீட்டுல கேட்டு வாங்கி வெச்சிருக்காரு."

அரம் சிரித்து முடிப்பதற்குள் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். அவர் கையிலும் அதே அறிவிப்பு.

"ஏம்மா, இந்த ஆளு உனக்குச் சொந்தமாமே?"

"அக்கா வீட்டுக்காரர் சார்."

"எவனைப் பாத்தாலும் மரம் மரம்னு உயிரை எடுக்கிறான். நம்ம கிதார்ல என்ன மரம்?"

"பாப்லர் சார். மூணு துண்டு, ஒட்டினது. நல்லாவே ஒட்டியிருக்கு."

"மூணு துண்டுன்னு வெளிய சொல்லாதே. மும்மரக் கட்டமைப்புன்னு சொல்லு."

"ஒரே மரந்தானே சார் மூணு துண்டா இருக்கு?"

முதலாளி அந்தக் கேள்வியை மேசையிலிருந்து தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டார். விஷயம் இதுதான்: அடுத்த மாதத்திலிருந்து பாப்லருக்கு மேலே காகித கனத்தில் மகோகனித் தோல் ஒட்டி, 'மகோகனி கிதார்' என்று விற்க அவர் யோசிக்கிறார். அதற்கு ஆகிற செலவை எங்காவது குறைத்தாக வேண்டும். அரப் பிரிவை எடுத்துவிட்டு, ஃப்ரெட் முனைகளை, உப்புத்தாள் சுற்றும் பெல்ட் மெஷினில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.

"சார், பெல்ட் மெஷின் முனையை வெட்டும், மழுக்காது. வாசிக்கிறவங்க கை கிழியும்."

"கிழிஞ்சா கடைக்கு வந்து என்ன மரம்னுதான்மா கேப்பான். ஃப்ரெட்டை அராவினது யாருன்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டிருக்கானா?" முதலாளி குரலைத் தணித்தார். "உனக்காக ஒண்ணு பண்றேன். ஞாயித்துக்கிழமை உங்க மாமா நல்லதா நாலு வார்த்தை சொல்லட்டும், இப்ப இருக்கிற மாதிரியே ஓட்டுறேன். திட்டினாருன்னா தோல்தான். நீயே போய்ப் பேசு."

அவள் வெளியே வந்ததும் மற்ற மூன்று பெண்களும் கையிலிருந்த அரங்களைக் கீழே வைத்தார்கள்.

"என்னக்கா சொன்னாரு?"

"நம்ம நாலு பேரு வேலையும் எங்க மாமா நாக்குல தொங்குது."

"எந்த மாமா? அந்த மர மாமாவா?"

"அவரேதான்."

"செத்தோம்," என்று ஒருத்தி அமைதியாகச் சொல்லிவிட்டு, மீண்டும் அராவத் தொடங்கினாள்.

சனிக்கிழமை மதியம் அரம் ஒரு கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வான நீல நிறம். பெயிண்ட் பிரிவுக்காரரிடம் சொல்லிப் பார்த்து எடுத்தது. முனைகளை ஒரு முறைக்கு இரண்டு முறையாக அவளே அராவியிருந்தாள்.

மாமாவின் அறை, வீட்டிலேயே நல்ல அறை. ஈரப்பதத்தைச் சீராக வைக்க அங்கே ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். "பக்கத்து ரூம்ல என் புடவையெல்லாம் பூஞ்சை பூக்குது, மரத்துக்கு மட்டும் வேர்க்கக் கூடாதாம்," என்று அக்கா வாரம் ஒரு முறை சொல்லுவாள். சுவரின் நடுவில் தனி விளக்கின் கீழே தொங்கியது 'அசல்'. உலகப் புகழ் பெற்ற கம்பெனியுடையது. அதுவும் வான நீலம். அரத்தின் தொழிற்சாலை, திருகு ஓட்டை வரைக்கும் அதைப் பார்த்துத்தான் நகல் எடுத்திருந்தது. அசலின் விலை மட்டும் நகலைப் போலப் பதினைந்து மடங்கு.

மாமா மலிவு கிதாரை வாங்கினார். முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கண்ணை மூடினார். டாக்டர்கள் வெளியே வந்து உறவினர்களிடம் பேசுவதற்கு முன் வைத்துக்கொள்ளும் முகம்.

"செத்துப் போச்சு."

"மரந்தானே மாமா, வெட்டினப்பவே செத்துப் போச்சு."

"கேலி பண்ணாதே. அசல் ஒரே பலகைல செதுக்கினது. எண்பது வருஷம் காத்துல நின்ன மரம். அது கேக்கும், நினைவு வெச்சுக்கும்."

"அதுக்காவது நினைவு இருக்கட்டும்," என்றது சமையலறையிலிருந்து அக்கா குரல். "பால் எங்கே?"

மாமா அந்தக் கேள்வியை மரத்தின் மௌனத்தோடு எதிர்கொண்டார்.

அரம் வந்த காரியத்தைச் சொன்னாள். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி வராது. "பாருங்க மாமா, இது மூணு துண்டு பாப்லர். மேல பெயிண்ட் தடிமன். கம்பியை முறுக்குற சாவி கொஞ்சம் தளர்வு. வால்யூம் திருகு ரெண்டு வருஷத்துல கரகரக்கும். ஆனா கழுத்து நேரா இருக்கும், கை வழுக்கிட்டுப் போகும். சத்தத்தைப் பிடிக்கிறது பிக்கப்தானே, காந்தத்துல செப்புக் கம்பி சுத்தினது. அதுக்கு எதிர்ல இருக்கிறது எந்த மரம்னா தெரியும்? வாசிச்சுப் பாத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போதும். இல்லேன்னா நாலு பேருக்கு வேலை போயிடும்."

"நான் உண்மையின் பக்கம் நிக்கிறவன்."

"நில்லுங்க. உக்காந்து வாசிச்சுட்டு நில்லுங்க."

மாமா ஒரு நோட்டை எடுத்தார். அட்டையில் 'ஆராய்ச்சி' என்று எழுதியிருந்தது. நாதம் கழுத்தில் இருக்கிறதா, உடம்பில் இருக்கிறதா என்பது அவருடைய பல நாள் சந்தேகம். இந்த வகைக் கிதாரில் கழுத்தை உடம்போடு நான்கு திருகுகள்தான் பிடித்திருக்கும். எட்டுத் திருகையும் கழற்றி, அசலின் கழுத்தை மலிவு உடம்பிலும், மலிவின் கழுத்தை அசல் உடம்பிலும் மாட்டினார். இரண்டையும் ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்து மாற்றி மாற்றி வாசித்தார். நோட்டில் ஒரு பக்கம் எழுதினார். அடிக்கோடு போட்டார்.

"என்ன மாமா தெரிஞ்சுது?"

"சொன்னா உனக்குப் புரியாது."

அப்போது அலுவலகத்திலிருந்து போன். மூன்று மாதமாக ஆளில்லாத வீட்டில் மீட்டர் தட்டாமாலை சுற்றுகிறதாம். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

"கழுத்தைத் திரும்ப மாத்தி மாட்டிடட்டுமா மாமா? நாலு திருகுதானே."

"தொடாதே!" மாமா வாசலிலிருந்தே திரும்பி வந்தார். "அசல் மேல ஃபேக்டரிக் கை பட்டா அதிர்வே மாறிடும். நான் வந்து மாட்டிக்கிறேன்."

பதினாறு வருடமாக நாளைக்கு முப்பது கழுத்து அராவி மாட்டுகிற கை, சேலைத் தலைப்பில் தன்னைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமா கேமராவின் முன் உட்கார்ந்தார். மேலே கோட்டு. மேசைக்குக் கீழே, கேமராவுக்குத் தெரியாத பிரதேசத்தில், வீட்டில் போடும் அரைக்கால் சட்டை. அக்கா பக்கவாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் வரும் பின்னூட்டங்களைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அரம் சுவரோரமாக நின்றாள். மேசைமேல் இரண்டு வான நீலக் கிதார்கள். கழுத்தின் உச்சியில் கம்பெனிப் பெயர் இருக்கிறதே, அதைப் பார்த்து ஒன்றை வலப்பக்கமும் ஒன்றை இடப்பக்கமும் வைத்திருந்தார்.

முதலில் அசல். மாமா அரை நிமிடம் வாசித்தார். கை ஓரிடத்தில் சட்டென்று நின்றது. விரலை மேசைக்கு அடியில் கொண்டுபோய் அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டார். துணியில் சிவப்பாக ஒரு கோடு.

"நேயர்களே, ஒரு கூர்மை இருக்கிறது பாருங்கள். இது கைவினையின் கையெழுத்து. நாதத்தைக் கேட்டீர்களா? ஆழம்! ஒரே பலகை. எண்பது வருடக் காற்று!"

பிறகு மலிவு. வாசித்துக்கொண்டே போனவருடைய புருவம் தானாக உயர்ந்தது. "கை வழுக்கிக்கொண்டு போகிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்." அரத்துக்கு மூச்சு வந்தது. முதலாளி இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் மூன்று வார்த்தை சொன்னால் நாலு ஆகிவிடும். "ஆனால் ஏமாறாதீர்கள்! வழுக்கலும் ஒரு தந்திரம். உடம்பு? பிணம்! உள்ளே ஆன்மா இல்லை!"

அரம் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அவர்கள் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கிறவர், கிதாரை எந்தப் பக்கம் தொங்கவிட்டாலும், ஒயர் சொருகும் ஓட்டைக்கு அடியில் ஒரு சொட்டுக் காய்ந்து நிற்கும். எத்தனை தடவை திட்டியும் மனிதர் திருந்தவில்லை. அந்தச் சொட்டு இப்போது அசலின் கழுத்து மாட்டிய கிதாரில் இருந்தது. மாமா கழுத்துகளைத் திரும்ப மாற்றவே இல்லை. மேசையில் பிணம் என்று கிடப்பது அவருடைய எண்பது வருடக் காற்று.

"மாமா, ஒரு நிமிஷம்."

"நேரலையில் குறுக்கே பேசக் கூடாது," என்றார் மாமா கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தபடி.

"இல்ல மாமா, அது உங்களோட..."

"பாருங்கள் நேயர்களே! இவர் அந்தத் தொழிற்சாலையைச் சேர்ந்தவர். உண்மை வெளியே வருமென்றதும் எப்படிப் பதறுகிறார் பாருங்கள்!"

"பதறலை மாமா. கழுத்தைக் கழட்டிப் பாத்துட்டு அறுங்க. நேத்து நீங்க..."

மாமா மின்ரம்பத்தை முடுக்கினார். அதன் இரைச்சலில் அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி. மூணு தடவை சொல்லியாச்சு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு தடவைக்கு மேல சொன்னதே இல்ல."

ரம்பம் இடுப்பில் நுழைந்து இடுப்பில் வெளியே வந்தது. வான நீலம் இரண்டானது.

உள்ளே இருந்தது ஐந்து துண்டு. இரண்டு வகை மரம், மேலேயும் கீழேயும் மெல்லிய மரத்தோல். துண்டுகளுக்கு நடுவில் விரல் நுழைகிற ஒரு பள்ளத்தை மஞ்சள் பட்டி பூசி நிரப்பியிருந்தார்கள். ஒரு துண்டில், முன்பு ஏதோ பெட்டியாக இருந்ததற்கு அடையாளமாக, ஆணி ஓட்டை.

மாமா எழுந்தே நின்றுவிட்டார். கோட்டுக்குக் கீழே அரைக்கால் சட்டையும் அதிலிருந்த சிவப்புக் கோடும் பதினோராயிரம் பேருக்குத் தெரிந்தன. "பார்த்தீர்களா அக்கிரமத்தை! ஐந்து துண்டு! பட்டி! ஆணி ஓட்டை! காய்கறிப் பெட்டியைப் பிரித்துச் செய்திருக்கிறார்கள்! இதற்குப் பெயர் கிதாரா? இதைச் செய்தவர்களுக்கு வெட்கம் இல்லையா? இன்னும் பாருங்கள், கழுத்து உட்காரும் குழியில்தான் பெரிய திருட்டை ஒளித்து வைப்பார்கள்!"

நான்கு திருகையும் கழற்றிக் கழுத்தைப் பிடுங்கினார். குழியைக் கேமராவுக்கு மிக அருகில் காட்டினார். குழிக்குள், சூடு போட்டது போல ஆழமாக, உலகப் புகழ் பெற்ற கம்பெனியின் முத்திரை.

அக்காவின் போனில் பின்னூட்டங்கள் குவியத் தொடங்கின.

"'சார், அது அசல் கம்பெனி முத்திரையாச்சே'ன்னு ஒருத்தர் கேக்குறாரு," என்று அக்கா பின்னூட்டம் படித்தாள். "இன்னொருத்தரும் அதையேதான் கேக்குறாரு. இவரு சிரிச்சு மட்டும் வெச்சிருக்காரு." போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஏங்க, நேத்து கழுத்தை மாத்தினீங்களே. திரும்ப மாத்தினீங்களா?"

மாமா கையிலிருந்த பாதியைப் பார்த்தார். மேசையிலிருந்த மீதியைப் பார்த்தார். "நேயர்களே," என்றார், "இணைய இணைப்பு சற்றே பலவீனமாக..." கேமராவை அவரே அணைத்தார்.

திங்கட்கிழமைக்குள் அந்த நேரலையை நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இது திட்டமிட்ட சோதனை என்று மாமா ஒரு விளக்கம் எழுதினார். அதை நாற்பது பேர் படித்தார்கள்.

அரம் தொழிற்சாலைக்கு வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றார். "உங்க மாமா மனுஷனே இல்லம்மா, தெய்வம்! நம்ம உடம்பை வாசிச்சுட்டு 'ஆழம்'னாரு, 'எண்பது வருஷக் காத்து'ன்னாரு!"

"அப்ப எங்க பிரிவு இருக்கும், இல்ல சார்?"

முதலாளியின் முகத்தில் வியாபாரம் வந்து உட்கார்ந்தது. "அதாம்மா யோசிக்கிறேன். உடம்புதான் எல்லாம்னு உலகத்துக்கே நிரூபணம் ஆயிடுச்சு. அப்புறம் கழுத்துக்கு எதுக்கு நாலு பேரு?"

"நல்லதா சொன்னா இப்படியே ஓட்டுறேன்னீங்களே?"

"உடம்பைத்தானே நல்லதா சொன்னாரு? கழுத்து தந்திரம்னுட்டாரே."

அரம் பையைத் திறந்தாள். அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அசல் கழுத்தையும், தான் அராவிய கழுத்தையும் அவர் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தாள். "ரெண்டையும் கட்டைவிரலால ஒரு தடவு தடவுங்க சார்."

முதலாளி முதலில் அசலைத் தடவினார். "ஸ்ஸ்!" கட்டைவிரல் வாய்க்குள் போனது.

"பெல்ட் மெஷின் சார்."

இரண்டாவதைப் பயந்து பயந்து தடவினார். திரும்ப ஒரு முறை தடவினார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு தடவினார். "நல்லாத்தாம்மா இருக்கு. சோப்பு மாதிரி இருக்கு." கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். "ஆனா இது போட்டோல தெரியுமா?"

"தெரியாது சார்."

"அதான் பாரு."

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக அனுப்பிவிட்டார். நான்கு பேரும் நான்கு நாள் அராவினார்கள். ஒருத்தி பக்கத்து ஷெட்டில் பெட்டி ஒட்டும் வேலைக்கு விசாரித்து வைத்தாள். அரம் தன் ஐந்து அரங்களையும் துடைத்து எண்ணெய் போட்டாள். வீட்டுக்கு எடுத்துப் போவதானால் துருப்பிடிக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நானூறு கிதாருக்கு ஆர்டர், ஒரே ஆளிடமிருந்து. தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. நேரலையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். உரக்கப் படித்தார்: "'வீடியோவில் கண்ட அதே பொருள். நிறம், மரம், வேலைப்பாடு எதிலும் எவ்வித மாற்றமும் கூடாது. மாறியிருந்தால் முழுச் சரக்கும் திருப்பி அனுப்பப்படும்.'" தலையை நிமிர்த்தி, தான் நெடுநாளாகவே நினைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "வேலைப்பாடு! பாத்தியாம்மா? அரப் பிரிவுல கை வைக்கிற பேச்சே இல்ல. தோலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

பெட்டி ஒட்டப் போவதாக இருந்தவள் அழுதாள். மற்ற இருவரும் அவள் அழுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அரம் அந்த வார்த்தையை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வேலைப்பாடு என்று யாரோ கைப்பட எழுதியிருக்கிறார்கள். நாற்பத்து நான்கு முனையின் அருமை தெரிந்த ஒரு ஜீவன் உலகத்தில் எங்கோ இருக்கிறது.

"யாரு சார் வாங்குறது? மியூசிக் ஸ்கூலா?"

முதலாளி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

முடிதிருத்தும் கடைகள் நடத்தும் ஒரு கம்பெனி. நானூறும் சுவரில் மாட்டுவதற்கு. கம்பி தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.